புழுங்கல் மில்லுக்கு ஆட்டோமேஷன்: முதல் பணத்தை எதுல போடுறது?

வைராவிகுளம் நெல் (கேள்வி)

அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கல் மில். மணிக்கு 2 டன் அரைவை. 5 டன் ஊறல் தொட்டி நாலு, 12 டன் எல்.எஸ்.யு. டிரையர் (நெல் மேல இருந்து இறங்க இறங்க ஊடே சூடான காத்து போற வகை) ரெண்டு, உமியில ஓடுற பாய்லர் ஒண்ணு. ஓடுறது பெரும்பாலும் அம்பை 16, இடையிடையே சன்ன ரகம். மோட்டார் எல்லாம் பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஆள்தான் பட்டனை அமுக்கி ஓட்டுறாங்க. டிரையர்ல டயல் தெர்மாமீட்டர், கையில ஒரு ஈரப்பத மீட்டர். டிஜிட்டல்னு சொல்லிக்க கலர் சார்ட்டர் (நிறம் மாறின அரிசியைக் கழிக்கிற மெஷின்) மட்டும்தான்.

பிரச்சினை ரெண்டு. ஒரே நெல், ஒரே செட்டிங், ஆனா ஒரு பேட்ச் குறுணைக்கும் அடுத்த பேட்ச் குறுணைக்கும் ஒத்து வரல. ராத்திரி ஷிப்டுல காயுற நெல்லுல கூடுதலா விழுது. ரெண்டாவது, அடிக்கடி எலிவேட்டர் (நெல்லை மேல தூக்குற வாளி பெல்ட்) அடைச்சுக்கிடுது. அடிப்பெட்டியைத் திறந்து நெல்லை அள்ளுறதுலயே அரை நாள் போயிருது.

மொத்த மில்லையும் ஆட்டோமேட் பண்ண ஒரு கொட்டேஷன் வந்திருக்கு: பி.எல்.சி. (மெஷின்களை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), பெரிய டச் ஸ்கிரீன், கிளவுட், மொபைல் ஆப், எல்லா மோட்டாருக்கும் டிரைவ் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி). அதுல மூணுல ஒரு பங்கு பணம்தான் இப்ப போட முடியும். பிசானப் பருவ நெல் வர்றதுக்குள்ள முடிக்கணும். எதை முதல்ல பண்ணலாம்? டிரையருக்குள்ளயே ஈரப்பதம் காட்டுற சென்சாரை நம்பலாமா?

ரெண்டாம் சுற்று (பதில்)

குறுணை பேட்சுக்குப் பேட்ச் மாறுகிறது, அதுவும் ராத்திரியில் கூடுகிறது என்றால் அரைவை மெஷினைக் குறை சொல்லாதீர்கள். பணத்தை முதலில் டிரையரில் போடுங்கள்.

ஒரு கணக்கு. 14 சதவீத ஈரத்தில் நிறுத்த வேண்டிய 12 டன் நெல்லை 12 சதவீதம் வரை காயவிட்டால் எடை 11,727 கிலோ ஆகிவிடும். ஒரு பேட்சுக்கு 273 கிலோ ஆவியாகப் போகிறது. 75 கிலோ மூட்டைக் கணக்கில் மூன்றரை மூட்டைக்கு மேல். அதைக் காயவைக்க எரித்த உமி தனி. அளவுக்கு மீறிக் காய்ந்த நெல்லில் வெடிப்பு விழுந்து, அது பாலிஷரில் குறுணையாக வருவது அதற்கும் மேலே.

ராத்திரியில் ஏன் கூடுதல் என்றால், ஓடுகிற டிரையரிலிருந்து சுடச்சுட ஒரு கை அள்ளி மீட்டரில் போடுகிறார்கள். அந்த நேரத்தில் மணியின் வெளிப்பக்கம் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். கை மீட்டர் வெளிப்பக்கத்தைத்தான் அதிகம் பார்க்கும். இப்போது 14 காட்டியது காலையில் 15 காட்டும். இப்படி இரண்டு தடவை ஏச்சு வாங்கிய ஆள் மூன்றாவது தடவை ‘எதுக்கும் இன்னும் அரை மணி ஓடட்டும்’ என்று விட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அளவு தப்பு.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு டிரையருக்கும் மூன்று பி.டி.100 (சூடு அளக்கும்) சென்சார். ஒன்று சூடான காற்று உள்ளே நுழையும் இடத்தில், ஒன்று காற்று வெளியேறும் இடத்தில், ஒன்று நெல் இறங்கும் வாயில். வெளியே நிழலில் ஒரு காற்று ஈரப்பத சென்சார், இரண்டு டிரையருக்கும் அது ஒன்றே போதும். ஸ்டீம் ரேடியேட்டருக்கு (நீராவியால் காற்றைச் சூடாக்குவது) போகும் லைனில் கையால் திருகும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கன்ட்ரோல் வால்வு வைத்து, உள்ளே போகும் காற்றின் சூட்டை அதன் பொறுப்பில் விடுங்கள். பழைய வால்வை எடுத்துவிட வேண்டாம், பைபாஸாக இருக்கட்டும்.

பிறகு காய்ச்சலை இரண்டு சுற்றாகப் பிரியுங்கள். ஆவியில் வெந்து வந்த நெல்லில் ஈரம் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதை 18 வரை கொண்டுவர 100 டிகிரிக் காற்று கொடுத்தாலும் மணி தாங்கும். 16-க்குக் கீழே போகும்போதுதான் வெடிப்பு விழும். அதனால் 18-ல் நிறுத்தி, தொட்டியில் சில மணி நேரம் ஆறப்போட்டு, உள் ஈரமும் வெளி ஈரமும் சமமான பிறகு இரண்டாம் சுற்று. அதில் காற்று 75 டிகிரியைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு சுற்றையும் ரக வாரியாக ரெசிபி ஆக்கிக் கன்ட்ரோலரில் போட்டுவிட்டால், ராத்திரி ஆள் வால்வைத் தொடவே வேண்டியதில்லை.

சென்சாரை நம்பலாமா? ஈரப்பத சென்சாரை இரண்டாம் சுற்றில் நம்பலாம், முதல் சுற்றில் வேண்டாம். ஈரம் கூடுதலாக இருக்கும்போது கெப்பாசிட்டிவ் சென்சார் (டிரையருக்குள் ஈரம் அளக்க மாட்டும் வகை) தாறுமாறாகக் காட்டும். நெல் அடர்த்தியாக, இடைவெளி இல்லாமல் நகரும் இடத்தில்தான் மாட்ட வேண்டும்: இறக்கும் ரோலருக்குச் சற்று மேலே. எலிவேட்டர் ஸ்பவுட்டில் மாட்டினால் நெல் பறந்து விழும், சென்சார் பாதிக் காற்றைத்தான் அளக்கும். சூட்டுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத சென்சாரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதல் சுற்றுக்கு, வெளியேறும் காற்றின் சூடே போதும். நெல்லில் ஈரம் நிறைய இருக்கும் வரை அது அதிகம் ஏறாமல் நிற்கும். குறையக் குறைய ஏறும். பத்துப் பதினைந்து பேட்சுக்கு, அரை மணிக்கு ஒரு மாதிரி எடுத்து ஈரத்தையும் அந்த நேரத்துச் சூட்டையும் எழுதி வையுங்கள். உங்கள் டிரையருக்கு எத்தனை டிகிரியில் 18 வருகிறது என்பது தெரிந்துவிடும். பங்குனி வெயிலில் எடுத்த எண் ஐப்பசி மழைக்கு ஒத்து வராது. வெளியே ஒரு சென்சார் கேட்டது அதற்காகத்தான்.

பேட்டைப் பேனல் (பதில்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வயரிங்கில் கவனிக்காவிட்டால் அத்தனையும் வீண் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

பி.டி.100 வாங்கும்போது மூன்று வயர் உள்ளதை வாங்குங்கள். ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை மாறுவது 0.385 ஓம்தான். இரண்டு வயரில், அரை எம்.எம். கேபிளில் 30 மீட்டர் இழுத்தால் போக வர 60 மீட்டர், அதுவே 2.3 ஓம் வரும். அதாவது கன்ட்ரோலர் 6 டிகிரி கூடுதலாகக் காட்டும். 75 என்று செட் பண்ணினால் உண்மையில் 69-ல் ஓடும். காய நேரமாகிறது என்று ஆள் செட்டிங்கை ஏற்றுவார். பிறகு சென்சார் மாற்றும் அன்று எல்லாம் தலைகீழாகும். பேனல் தூரமாக இருந்தால் சென்சார் தலையிலேயே 4–20 மில்லி ஆம்ப் டிரான்ஸ்மிட்டர் வைத்துவிடலாம். வயர் அறுந்தால் கரன்ட் 4-க்குக் கீழே போகும், பி.எல்.சி. அதைக் கோளாறு என்று கண்டுகொள்ளும். இரண்டு வயர் பி.டி.100-ல் அறுந்த வயரும் அதிக சூடும் ஒரே பக்கம் காட்டும்.

மோட்பஸ் கேபிள் (கருவிகளும் பி.எல்.சி.யும் பேசிக்கொள்ளும் லைன்): ஒரு கருவியிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு பெட்டியிலிருந்து நாலு பக்கமும் பிரித்துவிட்டால் பகலில் ஓடும், பாலிஷர் ஸ்டார்ட் ஆகும்போது விட்டுப்போகும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கேயும் வேண்டாம். வேகம் செகண்டுக்கு 9600 பிட் போதும். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போடாதீர்கள். ஒரு அடி தள்ளி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

தவிட்டுத் தூசி. ஃபேன் வைத்த பேனல் மில்லுக்குள் ஆகாது. காற்றோடு தூசியையும் இழுத்துக் கான்டாக்டரில் (மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச்) அப்பிவிடும். தூசி புகாத, மூடிய ஐ.பி.65 பெட்டி, கேபிள் அடியிலிருந்து கிளாண்டு வழியாக. காலி ஓட்டைகளையும் அடையுங்கள். அதைவிட முக்கியம் எலி. நெல் இருக்கிற இடத்தில் பி.வி.சி. பைப்பில் ஓடும் சென்சார் வயரை நம்பக் கூடாது. ஜி.ஐ. பைப், கடைசி ஒரு முழத்துக்கு இரும்பு ஃபிளெக்சிபிள்.

ஐப்பசி இடிக்கு மெயின் பேனலில் சர்ஜ் புரொடெக்டர், 24 வோல்ட் பக்கம் தனியாக ஒன்று. எர்த் குழியில் சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் புரொடெக்டர் இருந்தும் பயனில்லை. பி.எல்.சி.க்கும் டிஸ்ப்ளேக்கும் சின்ன டி.சி. யு.பி.எஸ். கொடுங்கள். ஆனால் கரன்ட் வந்ததும் மோட்டார்கள் தானாகக் கிளம்புகிற மாதிரி புரோகிராம் எழுத விடாதீர்கள். எவனாவது எலிவேட்டருக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பான்.

எல்லா மோட்டாருக்கும் டிரைவ் என்பது கொட்டேஷனைப் பெருக்கத்தான். டிரையர் புளோயருக்கும் பாய்லர் ஐ.டி. ஃபேனுக்கும் (புகையை இழுக்கும் ஃபேன்) போட்டால் காசு திரும்பும்: ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரே வேகத்தில் ஓடுகிற எலிவேட்டருக்கு எதற்கு டிரைவ்?

கல்லிடைக் குறுணை (பதில்)

டிரையர் சரிதான். ஆனா அண்ணாச்சி கேட்ட ரெண்டாவது கேள்வியை ரெண்டு பேரும் விட்டுட்டீங்களே. எலிவேட்டர் அடைப்புக்குச் சோலி ரொம்பச் சின்னது, டிரையருக்கு முன்னாலயே முடிச்சிரலாம்.

அடைக்கிறதுக்கு மூணு காரணம். பெல்ட் நழுவுறது, முன்னால (நெல் போய்ச் சேருற பக்கம்) உள்ள மெஷின் நின்ன பிறகும் பின்னால இருந்து நெல் வந்துக்கிட்டே இருக்கிறது, கரன்ட் போனதும் நெல் ஏத்துன பெல்ட் பின்னால சுத்தி அத்தனையும் அடிப்பெட்டியில கொட்டுறது. மூணாவதுக்குச் சென்சாரே வேண்டாம், தலைப் புல்லியில ஒரு பேக்ஸ்டாப் (பின்னால சுத்த விடாத பூட்டு) இருந்தா போதும். முதல்ல அது இருக்கா, வேலை செய்யுதான்னு பாருங்க.

நழுவுறதுக்கு: மோட்டார் ஓடுதாங்கிறதைப் பார்த்து பிரயோஜனம் இல்ல. பெல்ட் நழுவும்போது மேல் புல்லி நல்லாத்தான் சுத்தும், கீழ்ப் புல்லிதான் மெதுவாகும். அதனால கீழ்ப் புல்லி ஷாஃப்டோட முனையில நாலு போல்ட் வச்ச ஒரு தட்டு, அதுக்கு எதிர்ல எம்.18 பிராக்சிமிட்டி (தொடாமலே இரும்பைக் கண்டுபிடிக்கிற சென்சார்), 4-5 எம்.எம். இடைவெளி. புல்லி நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா செகண்டுக்கு 4 பல்ஸ். அது 3-க்குக் கீழ இறங்கினா பின்னால இருந்து வர்ற நெல்லை நிப்பாட்டணும், எலிவேட்டரை நிப்பாட்டக் கூடாது. ஸ்டார்ட் பண்ணின முதல் 10 செகண்டுக்கு மட்டும் இதைக் கணக்குல எடுக்க வேண்டாம். ஒரே ஒரு போல்ட் வச்சா கண்டுபிடிக்க நேரமாகும்; அதுக்குள்ள அடிப்பெட்டி நிறைஞ்சிரும். சென்சார் எல்லாத்தையும் பி.என்.பி. வகையாவே (சிக்னல் வயர்ல பிளஸ் தர்றது) வாங்குங்க. ஒண்ணு ரெண்டு என்.பி.என். கலந்துட்டா ராத்திரி மாத்துற ஆள் குழம்பிருவான்.

வரிசை: கடைசி மெஷின்ல இருந்து முதல் மெஷினுக்கு ஸ்டார்ட் ஆகணும். சார்ட்டர் எலிவேட்டர், பாலிஷர், ஒயிட்னர், செப்பரேட்டர், ஷெல்லர், கடைசியா கிளீனர். நிப்பாட்டுறது அப்படியே திருப்பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 60–90 செகண்டு, உள்ள கிடக்கிறது காலியாகட்டும். நடுவுல ஒண்ணு டிரிப் ஆனா அதுக்குப் பின்னால நெல் அனுப்புற எல்லாம் உடனே நிக்கணும், முன்னால உள்ளது ஓடட்டும். பழைய ஸ்டார்ட்டரை மாத்த வேண்டாம். கான்டாக்டர்ல ஒரு துணைக் கான்டாக்ட் (கான்டாக்டர் இழுத்திருக்கான்னு சொல்ற சின்ன சுவிட்ச்) மாட்டி, காயிலுக்குப் போற லைன்ல பி.எல்.சி. ரிலேயைச் சேர்த்தா முடிஞ்சது. அவசர ஸ்டாப் பட்டன் மட்டும் நேரா காயில் லைனை வெட்டணும், பி.எல்.சி. வழியா போகக் கூடாது.

பாலிஷருக்கு ஒரு கரன்ட் டிரான்ஸ்டியூசர் (மோட்டார் இழுக்கிற ஆம்பை அளக்கிறது) வைங்க. 40 எச்.பி. மோட்டார்னா முழு லோடுல 55 ஆம்ப் பக்கத்துல வரும். நீங்க ஓட்டுற அளவு 45-ன்னா 43-க்கும் 47-க்கும் நடுவுல நிக்கிற மாதிரி ஃபீட் கதவை ஒரு சின்ன மோட்டார் திறந்து மூடட்டும். ரெண்டு ஆம்ப் ஆட்டத்துக்கெல்லாம் கதவை நகர்த்த விட்டா ஒரு மாசத்துல கதவு மோட்டார் போயிரும். ஆம்ப் திடீர்னு 20-க்குக் கீழ விழுந்தா ஒண்ணு நெல் வரல, இல்ல பெல்ட் அறுந்துட்டு. துணைக் கான்டாக்ட் இதைச் சொல்லாது, அது ‘ஓடுது’ன்னேதான் காட்டும்.

ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் கட்டாயம் வைக்கணும், இல்லன்னா ஆளே வயரைப் பிடுங்கி நேரா கொடுத்திருவான். ஆனா மேனுவல்ல எப்ப போட்டாங்க, எவ்வளவு நேரம்னு பதிவாகணும். எந்த மெஷின் அடிக்கடி மேனுவலுக்குப் போகுதோ அதுலதான் கோளாறு.

வைராவிகுளம் நெல்

பேக்ஸ்டாப் இருக்கு, ஆனா ஒரு எலிவேட்டர்ல கழட்டி வச்சிருக்காங்க. அடைக்கிறதும் அதுதான். நல்ல ஆளுங்க!

ஊறல் தொட்டிக்கும் ஏதாவது பண்ணணுமா? கொட்டேஷன்ல நாலு தொட்டிக்கும் ஆட்டோமேட்டிக் வால்வு போட்டிருக்காங்க, பாய்லரையும் பி.எல்.சி.யில சேர்த்திருக்காங்க.

ரெண்டாம் சுற்று

தொட்டி வால்வுகளைத் தள்ளிப்போடலாம், சூடு பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது.

5 டன் நெல் 30 டிகிரியில் இருக்கிறது, 6 டன் தண்ணீர் 85 டிகிரியில் விடுகிறீர்கள் என்றால் கலந்த பிறகு 70, 71 டிகிரியில் நிற்கும். தொட்டி இரும்பு குடிக்கும் சூட்டை இதில் சேர்க்கவில்லை. மார்கழியில் நெல் 24 டிகிரியில் இருந்தால் முடிவு ஒன்றரை டிகிரிதான் குறையும். ஆனால் தண்ணீர் 5 டிகிரி குறைந்தால் முடிவு கிட்டத்தட்ட 4 டிகிரி இறங்கிவிடும். அதனால் அளக்க வேண்டியது தண்ணீரை: சுடுதண்ணீர் தொட்டியில் ஒரு பி.டி.100, 85 வராமல் திறக்காத ஒரு வால்வு. நாலு தொட்டிக்கும் பொதுவான அந்த ஒன்று இப்போதைக்குப் போதும்.

ஒவ்வொரு ஊறல் தொட்டியிலும் மேலே ஒன்று, அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று என்று இரண்டு சென்சார் பார்வைக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சுற்றுப் பம்பை ஓட்ட வேண்டும். அடியில் 60-ல் ஊறிய நெல் மூன்றரை மணி நேரத்தில் முழுதாக ஊறியிருக்காது, வெந்து வரும்போது நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும். குறுணைக்கு அதுவும் ஒரு காரணம். மேலே 75 தாண்டினால் உமி வாய் பிளந்து அரிசி நிறம் கறுக்கும். அம்பை 16 தடித்த மணி, சன்ன ரகத்தைவிட நேரம் கூடுதலாகக் கேட்கும். இரண்டுக்கும் ஒரே டைமர் வைக்காதீர்கள்.

பேட்டைப் பேனல்

பாய்லர் விஷயத்தில் ஒன்று. பி.எல்.சி. பாய்லரைப் பார்க்கலாம், உமி ஃபீடர் வேகத்தைப் பிரஷருக்கு ஏற்ப மாற்றலாம். தண்ணீர் குறைந்தால் நெருப்பை நிறுத்தும் இன்டர்லாக்கும் சேஃப்டி வால்வும் பி.எல்.சி.யை நம்பி இருக்கவே கூடாது, தனி வயரில் தனி ரிலேயில். பாய்லர் இன்ஸ்பெக்டர் பார்க்காமல் அங்கே எதையும் மாற்றாதீர்கள். இந்த சீசனுக்குப் பிரஷரையும் தண்ணீர் மட்டத்தையும் பதிவு மட்டும் செய்யுங்கள். டிரையர் சூடு இறங்கும் நேரமும் பிரஷர் இறங்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் கோளாறு வால்வில் இல்லை, உமி போடுவதில். பிரஷர் சரியாக இருந்தும் சூடு ஏறாவிட்டால் ரேடியேட்டரின் ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வு) அடைத்திருக்கும்.

பதிவுக்குக் கிளவுட் தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு அளவு, 25 சென்சார் என்றால் ஒரு நாளைக்கு 36,000 வரிகள். ஆபீசில் கிடக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரே தாங்கும். பி.எல்.சி. கடிகாரத்தின் பேட்டரியை மட்டும் பாருங்கள். அது செத்துவிட்டால் கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழையதற்குப் போய், பதிவு மொத்தமும் கலைந்துவிடும். மொபைலில் பார்க்க ஆசை இருந்தால் பார்க்க மட்டும் கொடுங்கள், மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும் வசதி மொபைலில் வேண்டாம்.

வேலை கொடுக்கும்போது ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: பி.எல்.சி. புரோகிராமின் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, ஸ்கிரீன் கோப்பு, எல்லாப் பாஸ்வேர்டும், வயர் நம்பரோடு பேனல் படம். கடைசித் தவணை இவை கைக்கு வந்து, வேறொரு லேப்டாப்பில் திறந்து பார்த்த பிறகு. இல்லாவிட்டால் ஒரு டைமரை 60-லிருந்து 90 ஆக்கக்கூட அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும், அதுவும் சீசன் நடுவில்.

வைராவிகுளம் நெல்

சரி. பேக்ஸ்டாப், எலிவேட்டர் சென்சார், ஸ்டார்ட் வரிசை இந்த மாசம். அதுக்கப்புறம் ஒரு டிரையர் மட்டும். அது ஒத்து வந்தா ரெண்டாவது. ஈரப்பதச் சென்சாரைக் காலிபிரேட் பண்ண நம்ம கை மீட்டரே போதுமா?

ரெண்டாம் சுற்று

போதாது. கை மீட்டர் தப்பு என்றால் சென்சாரும் அதே தப்பைக் கற்றுக்கொள்ளும். ஒரு சின்ன ஹாட் ஏர் ஓவனும் மில்லி கிராம் காட்டும் தராசும் வேண்டும். 16, 14, 12 என்று மூன்று ஈரத்தில் மாதிரி எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வைத்திருங்கள். காலையில் அரைத்து, 5 கிராம் எடுத்து, மூடியோடு உள்ள அலுமினியக் கிண்ணத்தில் 130 டிகிரியில் 2 மணி நேரம். மூடி, ஆறவைத்து எடை போடுங்கள்; எவ்வளவு எடை குறைந்ததோ அதை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம். ஆறும்போது சிலிக்கா ஜெல் உள்ள பெட்டியில் வைக்காவிட்டால் நம்மூர்க் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு கிண்ணத்தில் போடுங்கள், இரண்டும் 0.2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியை விட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ரகம் மாறினால் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும். அம்பை 16-க்குப் போட்ட காலிபிரேஷனில் சன்ன ரகத்தை ஓட்டாதீர்கள்.